நீல டீயும் நாலு எறும்பும்!

டீ என்ன கலர்ல இருக்கும்? பால் ஊத்தினா ஒரு கலர், ஊத்தலைன்னா ஒரு கலர். எங்க மன்னார்குடி பந்தலடி பக்கம் போனா லைட், மீடியம், ஸ்ட்ராங்னு மூணு ஷேடு கிடைக்கும். என் இருபது வருஷ அனுபவம் அவ்வளவுதான். ‘நீலக் கலர்ல ஒரு டீ இருக்கு’ன்னு யாராவது சொல்லியிருந்தா, ‘முதல்ல அந்த இங்க் பாட்டிலை மூடி வைங்க’ன்னு சொல்லியிருப்பேன். ஆனா, வந்துடுச்சு பாஸ்!

போன அக்டோபர்ல, “நீதான் கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறியே... இந்த நீல இன்ஸ்டன்ட் டீயைக் குடிச்சுப் பாரு. தெம்பா இருந்தா எழுது!”ன்னு சொல்லி என் தலையில இதைக் கட்டினது எங்க பொறுப்பாசிரியர். (சோதனை எலின்னா எப்பவும் டிரெய்னிங்ல இருக்கறவங்கதானே!) கம்பெனி பேர் நமக்கு வேண்டாம். இந்த மாதிரி நிறைய வந்தாச்சு. பெட்டி மேல ‘சங்குப்பூ - தேன் இன்ஸ்டன்ட் டீ’ன்னு எழுத்து. கீழே ஒரு நீலப் பூ, அது மேல சொட்டுற தேன். உள்ளே 14 கிராம் பாக்கெட் பன்னிரண்டு. திருச்சி பக்கம் இருக்கிற எங்க காலேஜ்லேர்ந்து சனிக்கிழமை பஸ் பிடிச்சு, பெட்டியோட ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

கூடத்துல அப்பாயி, அம்மா, தம்பின்னு ஃபுல் ஆடியன்ஸ். ஒரு கிளாஸ் வெந்நீர், ஒரு பாக்கெட், ஒரு ஸ்பூன். தூள் உள்ளே விழுந்த அஞ்சாவது செகண்ட்ல தண்ணி நீலமாச்சு. பெட்டியில சொன்னபடி அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சேன். பளிச்னு கத்தரிப்பூ கலர்!

“ஏண்டி, இது என்ன பச்சோந்தித் தண்ணியா?” - இது அப்பாயி.

“அக்கா, இன்னொரு வாட்டி பண்ணு!” - இது தம்பி.

அம்மா மட்டும் அசரலை. பெட்டியைத் திருப்பிப் பார்த்துட்டு, “இந்தப் பூவுக்கா காசு குடுத்தாங்க? நம்ம வேலி பூரா கெடக்கே!”ன்னுட்டாங்க. நிஜம்தான். தினமும் காலையில சாமி படத்துக்கு அம்மா பறிச்சு வைக்கிறதே அந்தச் சங்குப்பூதான்.

கலர் மாறுற மேட்டர்

மேஜிக் எல்லாம் ஒண்ணுமில்லை. சங்குப்பூவுக்கு நீலம் குடுக்கிறது ஆந்தோசயனின்னு ஒரு நிறமிக் குடும்பம். தண்ணியில அமிலம் ஏறினா இது ஊதாவுக்குப் போகும். எலுமிச்சையில இருக்கிற சிட்ரிக் அமிலம் பண்ற வேலை அது. அதுவே சமையல் சோடாவை ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்க, பச்சைப் பக்கம் சாயும். பிளஸ் டூ லேப்ல லிட்மஸ் தாளை முக்கினோமே, அதே சங்கதி. தாய்லாந்துல இந்தப் பூவுல செய்யற நீல பானத்தை வர்றவங்களுக்குக் குடுத்து வரவேற்கிறாங்க. மலேசியாவுல கிளந்தான் பக்கம் நாசி கெராபுன்னு நீலச் சோறே உண்டு. நாமதான் வேலியோட விட்டுட்டோம்.

ருசி எப்படி? நல்லாத்தான் இருந்துச்சு. தித்திப்பா, லேசான தேன் வாசனையோட ஜூஸ் மாதிரி இறங்குச்சு. தம்பி ரெண்டு கிளாஸ் காலி. டிகிரி காப்பியைத் தவிர வேற எதையும் தொடாத அப்பாயியே, “பரவால்லடி”ன்னு சர்டிஃபிகேட் குடுத்தாங்க. ‘காப்பியை விட்டா வேற எதுவும் எறங்காது’ன்னு சொல்ற இதே அப்பாயிதான், சின்ன வயசுல காலையில நீராகாரம் குடிச்சுட்டு நடவுக்குப் போனவங்க. காப்பி தமிழ்நாட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு ஆ.இரா.வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ன்னு ஒரு கட்டுரையே எழுதியிருக்கார். ஒரு காலத்துல இங்கே காப்பியும் டீயும்கூட புதுசுதான். அதனால ‘புதுசா வந்தாலே மோசம்’னு சொல்ற ஆள் நான் இல்லை.

நெல்லு காயுது, டீ காயுது!

இன்ஸ்டன்ட் டீயே ஒண்ணும் நேத்து முளைச்சது இல்லை. வெளிநாட்டுல 1940-களிலேயே கடைக்கு வந்தாச்சு. நம்ம பக்கத்துல டாடாவும் ஜேம்ஸ் ஃபின்லேங்கிற பிரிட்டிஷ் கம்பெனியும் 1964-ல் கூட்டு சேர்ந்து, மூணாறுல இன்ஸ்டன்ட் டீ தயாரிப்புல இறங்கினாங்க. வெளிநாடுகள்ல ஐஸ் டீ கலக்க நம்ம மலைத் தூள் கப்பல் ஏறுச்சு.

செய்முறையைச் சொல்றேன். டெல்டாக்காரங்களுக்கு ஈஸியாப் புரியும், ஏன்னா மொத்தக் கதையும் ‘காய வைக்கிறது’தான். டீ இலையை வெந்நீர்ல ஊற வெச்சு சாறு இறக்கி, வடிகட்டி, டிகாக்‌ஷன் மாதிரி கெட்டியாக்குவாங்க. அப்புறம் மாடி உயரத்துக்கு நிக்கிற ஒரு பெரிய தொட்டியின் உச்சியிலேர்ந்து அதைப் பூந்தூறலா தெளிப்பாங்க. கூடவே சூடான காத்து. 150 டிகிரி செல்சியஸுக்கு மேலகூட இருக்கும். துளி கீழே விழறதுக்குள்ள தண்ணி ஆவியாப் போய், தூள் மட்டும் அடியில சேரும். இதுதான் ஸ்பிரே டிரையர். எங்க மூணாவது வருஷப் பாடத்துல ஒரு யூனிட்டே இருக்கு. (அரியர் பயம் காட்டுற யூனிட்!)

அரசு கொள்முதல்ல நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் வரைதான் கணக்கு. இந்தத் தூள்ல அஞ்சு சதவீதம்கூட இருக்காது. ரொம்பக் காய்ஞ்ச தூள், காத்துல இருக்கிற ஈரத்தைப் பேய் மாதிரி இழுக்கும். அதான் பாக்கெட் பாக்கெட்டா ஒட்டித் தர்றாங்க.

இன்னொரு சிக்கல், தண்ணி ஆவியாகும்போது வாசனையும் கூடவே கிளம்பிடும். டீக்கடை பாய்லர் பக்கத்துல நிக்கும்போது மூக்கைத் துளைக்குதே, அது கிளாஸை விட்டு ஓடிக்கிட்டு இருக்கிற டீதான். அதனால சில ஆலைகள்ல வாசனையைத் தனியாப் பிடிச்சு வெச்சுக் கடைசியில சேர்ப்பாங்க. சில பேர் வெளியிலேர்ந்து ஃபிளேவர் போடுவாங்க. சாறு ஒட்டாம நல்லாக் காயறதுக்கு மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒரு மாவுப்பொருளையும் கலக்கறது உண்டு. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அன்னிக்கு ராத்திரி, பாதி பிரிச்ச பாக்கெட் ஒண்ணு சமையல் மேடையில கிடந்துச்சு. காலையில பார்த்தா, வெளியில மழை ஈரத்துக்குத் தூள் கட்டிதட்டி மிட்டாய் மாதிரி ஆயிருக்கு. சுத்தி எறும்பு. முதல்ல நாலு, அப்புறம் வரிசையா ஒரு ஊர்வலம். பக்கத்துலேயே டீத்தூள் டப்பா திறந்து கிடக்கு, அதுல ஒண்ணுகூட இல்லை. என்னடா இது, பூவும் டீயும் மட்டும்னா எறும்புக்கு இங்கே என்ன வேலைன்னு ஒரு சின்ன டவுட்டு வந்துச்சு. அதுக்குள்ள அம்மா தூக்குச்சட்டியைக் கையில குடுத்து, “அப்பாவுக்கு சாப்பாடு குடுத்துட்டு வா”ன்னாங்க.

டிபிசி-யில ஒரு மேஜிக் ஷோ

எங்கப்பா விவசாயி. குறுவை அறுத்த கையோட நெல்லைக் கொண்டுபோய் டிபிசி-யில, அதாவது நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல கொட்டியிருந்தார். மேட்டூர் ஜூன்ல திறந்தா குறுவை அறுப்பு மழையோடதான் மல்லுக்கட்டும். நனைஞ்சா மூடணும், வெயில் அடிச்சா பரப்பணும், ஈரப்பதம் 17-க்கு இறங்கற வரைக்கும் கிளறணும். ராத்திரியில மாடு வந்து வாய் வைக்காம, மழை வந்தா தார்ப்பாய் பறக்காம பார்த்துக்கணும். அப்பா அஞ்சு நாளா அங்கேயேதான் இருந்தார். பக்கத்து டீக்கடை ஒம்பது மணிக்கு மூடிடும்.

நான் போனப்போ அப்பா முகத்துல ஒரே சிரிப்பு. “வா பாப்பா... உனக்கு ஒரு மேஜிக் காட்டறேன்!”

பையிலேர்ந்து எடுத்தார் பாருங்க... அதே பெட்டி. அதே நீலப் பூ!

ஃபிளாஸ்க்ல வெந்நீர், ஒரு பாக்கெட், சட்டைப் பையிலேர்ந்து எலுமிச்சம்பழம். நீலம், ஊதா, கைதட்டல். பக்கத்துல நெல்லு வெச்சிருந்த மூணு பேர் கையிலயும் ஆளுக்கு ஒரு ஊதா கிளாஸ். டவுன் கடையில பார்த்து வாங்கினாராம். “மூலிகை பாப்பா. சங்குப்பூ. சீனியே கெடையாது, வெறும் தேன். தேன் நமக்கு ஒண்ணும் பண்ணாது”ன்னு சந்தோஷமா சொன்னார். “ராத்திரிக்கு நாலு போட்டுடறேன். கண்ணு அசராது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்கப்பாவுக்கு ஆறு வருஷமா சுகர். மாத்திரை போடறார். இந்தியாவுல சுகர் இருக்கிறவங்க 10.1 கோடிப் பேர், அதாவது பெரியவங்கள்ல 11.4 சதவீதம்னு ஐ.சி.எம்.ஆர். ஆதரவுல நடந்த ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தக் கோடிகள்ல ஒருத்தர் எனக்கு முன்னாடி சாக்கு விரிச்சு உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்கார். டீக்கடை அண்ணன் அப்பாவைப் பார்த்ததும், கேட்காமலே சீனி இல்லாத டீயை நீட்டுவார். அவ்வளவு கட்டுப்பாடா இருந்த மனுஷன்!

செல்போன் டார்ச்சை அடிச்சு பெட்டியின் பின்பக்கத்தைப் படிச்சேன். நம்ம நாட்டு உணவு லேபிள் விதிப்படி, எது அதிக எடையோ அது முதல்ல வரணும். முதல் பேர் சீனி. ரெண்டாவது மால்டோடெக்ஸ்ட்ரின். மூணாவது தேன் தூள், 2 சதவீதம். அப்புறம் கிரீன் டீ சாறு 1.5 சதவீதம். அதுக்கும் கீழே, பெட்டி முழுக்கப் படமாப் பூத்துக் குலுங்கற நம்ம சங்குப்பூ, 1 சதவீதம்!

100 கிராம்ல சேர்த்த சர்க்கரை 80 கிராம்னு போட்டிருந்துச்சு. கணக்குப் போடுங்க. 14 கிராம் பாக்கெட்ல 11 கிராமுக்கு மேல. கிட்டத்தட்ட ரெண்டரை ஸ்பூன். நாலு பாக்கெட்னா 45 கிராம். சுகரே இல்லாத சாதாரண ஆளுக்கே ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25-க்குள்ள நிறுத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்தக் கணக்குல தேனும் அடக்கம். இது போக அந்த மால்டோடெக்ஸ்ட்ரின்... லேபிள்ல ‘சர்க்கரை’ங்கிற வரியில அது பெரும்பாலும் வராது. ஆனா உடம்புக்குள்ள போனா குளுக்கோஸாப் பிரிஞ்சு, சீனிக்குச் சளைக்காத வேகத்துல ரத்தத்துல ஏறும். ‘சீனி சேர்க்காதது’ன்னு விக்கிற சில பாக்கெட்லயும் இந்தப் பேர் இருக்கும். சுகர் இருக்கிறவங்க கவனிங்க.

நான் படிக்கப் படிக்க அப்பா ஒண்ணும் பேசலை. கையில இருந்த கிளாஸை மண்ணுல சாய்ச்சார். அப்புறம்தான் கேட்டார். “இதெல்லாம் முன்னாடி தமிழ்ல போட்டிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனா பாப்பா?”

அப்பா தமிழ் மீடியத்துல பத்தாவது. தினம் பேப்பரை வரி விடாம படிக்கிறவர். ஆனா பெட்டி பின்னாடி இருந்ததெல்லாம் பொடி எழுத்து இங்கிலீஷ். லேபிள்ல இங்கிலீஷ் இல்லைன்னா இந்தி இருந்தாப் போதும். மத்த மொழி கம்பெனி இஷ்டம்னு விதியே இருக்கு. முன்பக்கம் இருந்த பூவும் தேனும் அப்பாகிட்ட ஜாலியாப் பேசியிருக்கு. பின்பக்கம் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

“சரி, அப்ப நான் எதைத்தான் குடிக்கிறது? ராத்திரி முழிக்கணுமே!”

இது நியாயமான கேள்வி. இன்ஸ்டன்ட் டீயைக் கண்டுபிடிச்சதே இந்த மாதிரி நேரத்துக்குத்தான். கடை இல்லாத இடம், அடுப்பு இல்லாத ராத்திரி. ‘குடிக்காதீங்க’ன்னு சொல்லிட்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏர்றதுல அர்த்தமே இல்லை.

மூணு கிளாஸ் டெஸ்ட்

திங்கட்கிழமை காலையில ஒரு சோதனை வெச்சேன். (மதியம் லேப், அட்டெண்டன்ஸ் போச்சு!) முதல் கிளாஸ்ல பாக்கெட் டீ. ரெண்டாவதுல நம்ம வேலிச் சங்குப்பூ அஞ்சை வெந்நீர்ல போட்டு இறக்கினது, அவ்வளவுதான். மூணாவதுல அதே வேலிப் பூ, கூட ரெண்டரை ஸ்பூன் சீனி. மூணுலயும் எலுமிச்சை. மூணும் ஊதா. எது எதுன்னு சொல்லாம அப்பாயி, அம்மா, தம்பிகிட்ட நீட்டினேன்.

ஒண்ணும் மூணும் ‘சூப்பர்’. எது பாக்கெட், எது வேலின்னு ஒருத்தராலும் சொல்ல முடியலை. ரெண்டாவதைக் குடிச்ச அப்பாயி, “பச்சத்தண்ணிக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்குடி”ன்னு கிளாஸைத் தள்ளிட்டாங்க. அவங்க சொன்னது கரெக்ட். சங்குப்பூவுக்குன்னு பெருசா ருசி கிடையாது. லேசா ஒரு பச்சை வாசனை, அவ்வளவுதான். சனிக்கிழமை நாங்க எல்லாரும் ‘நல்லாருக்கு’ன்னு சொன்னோமே, அது பூவை இல்லை. சீனியை. கண்ணுக்குப் பூவைக் காட்டி, நாக்குக்குச் சீனியைக் குடுத்திருக்காங்க.

முழிப்பு விஷயமும் அப்படித்தான். தூக்கத்தைத் தள்ளிப் போடறது டீயில இருக்கிற காஃபின். ஒரு பாக்கெட்ல இருக்கிற டீ சாறே 0.2 கிராம்தான். அதுல காஃபின் ரொம்பக் கொஞ்சம். நாலு பாக்கெட் குடிச்சுட்டு அப்பா முழிச்சிருந்தாருன்னா அதுக்குக் காரணம் டீ இல்லை. நெல்லு பத்தின கவலைதான்.

கடைசியில தீர்வு சொன்னது டீக்கடை அண்ணன். “ராத்திரி கடை மூடறப்போ ஃபிளாஸ்க்கைக் குடுக்கச் சொல்லும்மா. இஞ்சி தட்டிப் போட்டு, பால் இல்லாம, சீனி இல்லாம, ஸ்ட்ராங்கா கட்டித் தர்றேன். விடிய விடிய வரும்.”

கடைக்காரர்கிட்ட ‘சீனி வேணாம்ணே’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேட்டுக்குவார். பாக்கெட்ல எல்லாம் முன்னாடியே கலந்தாச்சு, அதுகிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அதுக்காக இன்ஸ்டன்ட் வேணவே வேணாம்னு அர்த்தமில்லை. டீ சாறு மட்டும் இருக்கிற, எதுவும் கலக்காத தூளும் கிடைக்குது. சாதா டீ பேக் இருக்கு. பட்டியல்ல முதல் பேர் டீயா, சீனியான்னு பார்த்தாப் போதும். அஞ்சு செகண்ட் வேலை. தண்ணி நீலமாக எடுத்துக்கிட்ட அதே நேரம்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலுக்கு அப்பா போன். “பாப்பா, ஈரம் 16.8. எடை போட்டாச்சு!” எனக்கு செமஸ்டர் பாஸான சந்தோஷம். அப்புறம் அவரே சொன்னார். “சுகர் டெஸ்டுக்கு வெள்ளிக்கிழமை போறேன். அம்மாவும் வர்றா. அப்புறம்... இங்க நம்மகூட நெல்லு வெச்சிருந்த மாமா ஒருத்தர், சத்து மாவுன்னு ஒரு டப்பா வாங்கி வெச்சிருக்கார். அவருக்கும் சுகர்தான். பின்னாடி இருக்கிறதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன், படிச்சு சொல்றியா?”

அனுப்பினார். படிச்சு சொன்னேன். மறுநாள் இன்னும் ரெண்டு டப்பா போட்டோ வந்துச்சு, ஒரு பிஸ்கட் பாக்கெட் உள்பட. இப்போ ஊர்ல எனக்கு ‘லேபிள் பொண்ணு’ன்னு பேர்!

காலேஜ் போற மக்களே, இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்கதானே? அம்மா சமையலை ஒரு கட்டு கட்டுங்க. அப்படியே அலமாரியைத் திறந்து, பூப்படம் பழப்படம் போட்ட டப்பாவையெல்லாம் ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பின்னாடி இருக்கிறதை அப்பா அம்மாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. நாலு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்காங்கள்ல!